சாம்பாருக்கு உப்பு போட்டது யார்

மாலதியிடம் சமையல் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் கையில் கிடைப்பது கத்தியும் இல்லை, கரண்டியும் இல்லை, ஒரு டீஸ்பூன். ஏப்ரன் பாக்கெட்டில் அது எப்போதும் இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை. "நாக்கு பாக்காத எதுவும் இந்த வாசலத் தாண்டக் கூடாது" என்பது அவள் சட்டம். பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் நின்று, நாலு பெரிய சமையல்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான் என்று சொல்லுவாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் இருக்கும். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த கர்வம், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவளிடம் வந்துதான் தங்கராசு, ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்துப் பார்க்காமல் இருநூற்றைம்பது பேருக்குச் சமைக்க முடியுமா என்று கேட்டார்.

தங்கராசு காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் நடத்துகிறவர். சிதம்பரத்தில், காட்டுமன்னார்கோயில் போகிற ரோட்டில், அவருடைய அப்பா கோவிந்தராசு கட்டிய சின்னக் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. ஏசி போட்ட பெரிய மண்டபங்கள் வந்த பிறகு அதைச் சீந்துவார் இல்லை. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி, பெரிய அடுப்புள்ள ஓர் இடத்துக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த மாலதியிடம், நாலு வருஷத்துக்கு முன்னால் கோவிந்தராசு சாவியைக் கொடுத்து, "சும்மா கெடக்குற அடுப்புதானம்மா, எரிய உடு" என்றார். வாடகையும் கிடையாது, காகிதமும் கிடையாது. இரண்டு பேட்ச் பிள்ளைகள் அந்த அடுப்பில் தேறி வேலைக்குப் போனார்கள். மூன்றாவது பேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மண்டபத்தை குடோனுக்குக் கேட்டு ஒரு டைல்ஸ் கடைக்காரர் நடையாய் நடந்தார். தங்கராசுக்கு ஆசைதான். "அப்பா தெவசம் முடியட்டும்" என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். இப்போது தெவசமே வந்துவிட்டது. அவர் அம்மா தில்லையம்மாள் மட்டும், முதல் வருஷத் தெவசச் சாப்பாட்டை அதே மண்டபத்தில் இந்தப் பிள்ளைகள்தான் ஆக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அம்மா சொல்றாங்க, ஆக்குங்க மேடம்" என்றார் தங்கராசு. "நல்லபடியா முடிஞ்சா மேல பேசலாம். சொந்தக்காரங்க முன்னாடி ஏதாச்சும் கோளாறாச்சுன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பேச முடியாது. ஒரே ஒரு விஷயம். படையல் ஆயி, காக்கா சோறெடுக்கற வரைக்கும் யாரும் வாயில வெக்கக் கூடாது."

மாலதிக்கு விஷயம் புரிந்தது. இந்தச் சாப்பாடு நன்றாக அமைந்தால் அடுப்பு மிஞ்சும். அமையாவிட்டால் இப்போதிருக்கிற நாலாவது பேட்ச் பிள்ளைகள் ஒன்பது பேரையும் பாதிப் படிப்பில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வேறு இடம் தேடி அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் இருந்தது. யார் சமையல் என்று விசாரித்த சொந்தக்காரர்களில் இரண்டு பேர், பிள்ளைகள் எந்தத் தெரு என்றும் விசாரித்திருந்தார்கள். கிள்ளைக் கடற்கரையிலிருந்து வருகிற பிள்ளையும், கடலூர் மாதா கோயில் தெருவிலிருந்து வருகிற பிள்ளையும் ஒரே அடுப்பில் நிற்கிற இடம் அது. "அடுப்புத் தெரு" என்று பதில் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டாளாம் தில்லையம்மாள். அதைக் கேட்ட அன்றே மாலதிக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. அவளிடம் நேரில் போய், "படையலுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் கூடத் தொட மாட்டோம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். ருசி பார்க்காமல் எப்படி? ஓர் இரவு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். உப்புக்கு ஒரே கை. ஒன்பது பேரில் நிதானமானவள் கலைமணி, கிள்ளைப் பெண், இருபத்தொரு வயசு. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். தெவசத்துக்கு முதல் நாளே கல்லுப்பை அளந்து ஆறு எவர்சில்வர் சொம்புகளில் போட்டு, சாம்பார், ரசம், கூட்டு என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, அலமாரியில் வரிசையாக வைத்தார்கள்.

"கலைமணி கை தவிர வேற கை உப்புல படக் கூடாது. கேட்டுதா?" என்றாள் மாலதி. எல்லோருக்கும் கேட்டது.

தெவசத்தன்று காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ராபர்ட் அரிசிக்கு உலை வைத்தான். காட்டுமன்னார்கோயில் வினோதினி பூசணிக்காயை ஒரே அளவாக வெட்டிக் குவித்தாள். பருப்பு குழைந்து, புளி கொதித்து, மண்டபம் முழுக்க மணந்தது. பத்து மணிக்கு மேல் தில்லையம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள் என்று, படையலுக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள மாலதி ஹாலுக்குப் போனாள். போன இடத்தில் வாழை இலை கிழிசலாக வந்திருந்தது, வாழைப்பழம் காயாக வந்திருந்தது. எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டு அடுப்படிக்குத் திரும்பும்போது மணி பதினொன்று.

கலைமணியைக் காணோம்.

"எங்க அவ?"

ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே கழுவிய அன்னக்கரண்டியை மறுபடி கழுவினான். வினோதினி மட்டும் கிட்டே வந்து, "அவுங்க வெளிய போயிட்டாங்கக்கா. உள்ள வரக் கூடாதுன்னு" என்று காதோடு சொன்னாள்.

மாலதிக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. கோபம் சுர்ரென்று ஏறியது. ஒவ்வொரு பேட்சிலும் முதல் நாளே, "மாசத்துல மூணு நாளுங்கற கதைய கேட்டுக்கு வெளிய வெச்சிட்டு வாங்க, இந்த அடுப்புக்கு அதெல்லாம் தெரியாது" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறவள் அவள். எல்லோரும் தலையாட்டுவார்கள். கலைமணியும் ஆட்டினாள், கொஞ்சம் பலமாகவே ஆட்டினாள். ஆனால் படையல் வீடு என்றதும், ஆட்டிய தலை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சரி. உப்பு?"

"உப்ப நீ பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனாங்கக்கா. நான் எல்லாத்துக்கும் போட்டுட்டேன்." வினோதினி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "சாம்பார்லதான்…"

"சாம்பார்ல என்ன?"

"அலமாரியில சாம்பார் சொம்பக் காணோம்க்கா. எங்கயோ கை மாறிப் போச்சுன்னு நெனச்சு, மூட்டையிலேருந்து அதே அளவு அளந்து போட்டேன். இப்பப் பாத்தா அந்தச் சொம்பு பின்பக்க ஜன்னல்ல இருக்குது. காலியா."

மாலதி போய்ப் பார்த்தாள். சாம்பார் என்று கலைமணியின் கையெழுத்தில் சீட்டு. சொம்பின் அடியில் ஈரத்தோடு நாலைந்து உப்புக்கல். யாரோ கொட்டிவிட்டுக் கழுவாமல் வைத்த சொம்பு. யாரோ என்ன யாரோ, கலைமணிதான். எங்கே கொட்டியிருப்பாள்? சாம்பார் அண்டாவைத் தவிர வேறு எங்கே கொட்டுவாள்?

ஆக, ஒரே சாம்பாருக்கு இரண்டு உப்பு.

இல்லாததைச் சேர்க்கலாம், போட்டதை எப்படித் திரும்ப எடுப்பது? "அவளக் கூப்பிடு, கேக்கலாம்" என்றால், செல்போன்கள் எல்லாம் அடுப்படி டப்பாவில் கிடக்கின்றன. அதுவும் மாலதி போட்ட சட்டம்தான். ராபர்ட் ஓடிப்போய் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். பின்னால் வேப்பமரத்தடியில் இல்லை, முன்னால் பந்தலில் இல்லை.

"கிள்ளைக்கே பஸ் ஏறிட்டாங்களோ என்னவோக்கா."

"நல்லா ஏறுவா."

திட்டுவதற்கு நேரம் இல்லை. மீதி இருந்த மூன்று கிலோ துவரம்பருப்பையும் உப்பில்லாமல் வேகவைக்கச் சொன்னாள். கரித்தால் சாம்பாரில் பாதியை வேறு அண்டாவுக்கு மாற்றி, இந்தப் பருப்பையும் புளித்தண்ணீரையும் விட்டு விரவிக்கொள்ளலாம். பாதி மானமாவது மிஞ்சும். ஆனால் கரிக்கிறதா இல்லையா என்பதே படையலுக்குப் பிறகுதானே தெரியும்; தெரிந்த மறு நிமிஷம் முதல் பந்தி உட்கார்ந்துவிடும்.

படையலும் ஆகிறபாடாக இல்லை. சென்னையிலிருந்து காரில் வரும் சின்ன மகன் இளவரசு வராமல் எதுவும் தொடங்காது. பதினொன்றரைக்கு விசாரித்தால், இப்போதுதான் கடலூர் ஆல்பேட்டைக்கே வந்திருக்கிறாராம். அங்கே டிராபிக். ஹாலில் சொந்தக்காரர்களின் சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கின.

மாலதி சாம்பார் அண்டாவின் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து மோந்து பார்த்தாள். பழைய சமையல்காரர்கள் ஆவியை மோந்தே உப்பைச் சொல்லிவிடுவார்களாம். அவளுக்குப் பெருங்காயம் தெரிந்தது, கொத்தமல்லி தெரிந்தது, தன் பசி தெரிந்தது. உப்பு மட்டும் தெரியவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் இலை நறுக்க முன்பக்கம் போயிருந்தார்கள். அடுப்படியில் அவளும் அண்டாவும்தான். கை தானாக ஏப்ரன் பாக்கெட்டுக்குப் போயிற்று. ஒரு ஸ்பூன். யார் பார்க்கப் போகிறார்கள்? போன கோவிந்தராசு மேலேயிருந்து பார்த்தால்கூட, "பாத்துக்கம்மா, தப்பில்ல" என்றுதான் சொல்வார். சாம்பாருக்கு மேலே ஒரு சாண் உயரம் வரை ஸ்பூன் போய்விட்டது.

அப்புறம் கையை இழுத்துக்கொண்டாள். பக்தி என்று சொல்ல முடியாது. அவ்வளவு பக்தி உள்ளவளும் இல்லை. தில்லையம்மாளிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அதைவிட, எந்தத் தெரு என்று கேட்ட அந்த இரண்டு பேர் ஒரு பக்கம். இவுங்ககிட்ட குடுத்தா இப்படித்தான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பொய்யாகச் சொன்னால் சண்டை போடலாம். உண்மையாக இருந்துவிடக் கூடாது. ஸ்பூனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, தன் வாழ்க்கையிலேயே நீளமான ஒரு மணி நேரத்தைக் கழித்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் கலைமணியை மனசுக்குள் நாலு தடவை பேட்சை விட்டு நீக்கி, மூன்று தடவை திரும்பச் சேர்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கார் வந்தது. இளவரசு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு ஓடினார். படையல் போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், தில்லையம்மாள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் அழுதாள். தங்கராசு பின்பக்கச் சுவரில் பிண்டத்தை வைத்துவிட்டுக் கூப்பிட்டார். காக்கைகளுக்கும் அன்று நல்ல பசி போலிருக்கிறது. இரண்டாவது கூப்பாட்டுக்கே நாலு காக்கைகள் வந்து இறங்கின.

காக்கை வாய் வைத்த அதே நேரத்தில் மாலதியும் வாய் வைத்தாள்.

முதல் ஸ்பூன் நாக்கில் பட்டதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அடியிலிருந்து கலக்கி இன்னொரு ஸ்பூன். ஓரத்திலிருந்து ஒன்று. பூசணிக்காய்த் துண்டு ஒன்று. வினோதினி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரியே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஜாஸ்தியா?"

"நீயே பாரு."

வினோதினி பார்த்தாள். ராபர்ட் பார்த்தான். ஒன்பதில் எட்டு ஸ்பூன்கள் அண்டாவுக்குள் போய் வந்தன. கரிக்கவும் இல்லை, சப்பென்றும் இல்லை. ஒரு கல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளந்து வைத்த அளவு எதுவோ, அதே அளவு.

மாலதி மறுபடி அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பழி போட அன்றைய சமையலில் வெங்காயமும் கிடையாது. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு முன்கட்டு வரை கேட்டிருக்கும். பிறகு எழுந்து, "என்ன பாத்துக்கினு நிக்கறீங்க, பந்தி உக்காந்துடுச்சு, ஓடுங்க" என்று விரட்டினாள். உப்பில்லாமல் வெந்துகொண்டிருந்த மூன்று கிலோ பருப்பில் நெய்யை ஊற்றி, உப்பு சேர்த்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பருப்புச் சோறாகப் பிசைந்து போடச் சொன்னாள்.

முதல் பந்தி நல்லபடியாக எழுந்தது. ஆனாலும் மாலதிக்கு மண்டை குடைந்தது. அந்தச் சொம்பு உப்பு எங்கே போயிற்று? இரண்டாவது பந்தி உட்காரும்போது, காற்று வாங்கலாம் என்று கேட்டுக்கு வெளியே வந்தாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில், மெடிக்கல் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கலைமணி உட்கார்ந்திருந்தாள். ராபர்ட் தேடிய நேரத்தில் அந்தக் கடையில் நின்றிருப்பாள் போலிருக்கிறது. காலையிலிருந்து அத்தனை காட்டுமன்னார்கோயில் பஸ்களும் அவளுக்காக நின்று, அவள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன.

மாலதி ரோட்டைத் தாண்டினாள். "சாம்பார் உப்ப என்னடி பண்ண?"

கலைமணி எழுந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "சொம்பக் கையில எடுத்துட்டேன்க்கா. எடுத்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. நான் தொட்ட உப்பு படையலுக்கு ஆகாதேன்னு கொழாயடியில கொட்டிட்டேன். சொம்பையும் உள்ள வெக்கல. வினோதினிகிட்ட உப்பப் பாத்துக்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது, கொட்டுனத சொல்லலாம்னா ராபர்ட் பக்கத்துல நிக்கறான். சாம்பார் என்னாச்சுக்கா?"

மாலதி ஆறு மாசமாகத் தொண்டை கிழிய எந்தப் பழக்கம் கூடாது என்று சொன்னாளோ, அதுதான் அவளைப் பதினொரு மணிக்குக் கொன்றது. அதுவேதான் ஒன்றரை மணிக்குக் காப்பாற்றியும் விட்டது. திட்டினாலும் தப்பு, பாராட்டினாலும் தப்பு.

"நல்லா வந்துருக்குது. வா, வந்து சாப்பிடு."

"நான் வரலக்கா. படையல் வூடு."

"என்ன வரல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தில்லையம்மாள். வீட்டு மனுஷி, வந்தவர்களை வழியனுப்ப கேட்டுக்கு வந்தவள், இவர்களைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டியே வந்துவிட்டாள். "காலையிலேருந்து இந்தப் பொண்ணு இங்கியே உக்காந்துக்கினு இருக்குது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். ஏன், எங்க வூட்டுச் சோறு எறங்காதா?"

தலைவலி என்று ஏதாவது சொல்லலாமா என்று மாலதி வாயெடுத்தாள். அதற்குள் கலைமணி, "நான் உள்ள வரக் கூடாதும்மா" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். மடியிலிருந்த பையைத் தில்லையம்மாள் ஒரு தடவை பார்த்தாள். மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதுக்கா," என்றாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் கலைமணியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "எம் மாமனாருக்கு நான் பதினோரு தெவசம் ஆக்கியிருக்கேன். தேதி அய்யரு குறிச்சுக் குடுக்கறாரு. ஒடம்பு அவரக் கேட்டுக்கினா வருது? வூட்ல ஆக்கறதுக்கு வேற பொம்பள கெடையாது. தலைக்கு ஊத்திக்கினு வந்து, வாய மூடிக்கினு ஆக்கிப் போட்டேன். ஒரு தெவசமா, ரெண்டு தெவசமா. காக்கா வந்து நல்லாத்தான் துன்னுச்சு."

கலைமணி வாயைப் பிளந்தாள். "ஐயாவுக்குத் தெரியுமாம்மா?"

"நல்லா கேட்ட போ. தெரிஞ்சிருந்தா, மாசாமாசம் எங் கைச் சோறு வாணான்னு அந்த மனுஷன் பாதி வருசம் பட்டினியில்ல கெடந்திருப்பாரு."

மாலதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெவச வீட்டு வாசலில் இப்படிச் சிரிக்கலாமா என்று பார்த்தால், தில்லையம்மாளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வா," என்று கலைமணியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "அடுத்த வருசத் தெவசத்துக்கும் நீங்கதான் ஆக்கணும். உப்பு நீதான் போடணும். கொழாயடியில கொட்டாத."

மாலதியின் சிரிப்பு நின்றது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "அடுத்த வருசம் எங்கம்மா ஆக்கறது?" என்று கேட்டேவிட்டாள்.

"எங்கன்னா? இங்கதான். பின்ன டைல்ஸ் பெட்டிங்க நடுவுலயா அவருக்குப் படையல் போடுவேன்? மண்டபம் எம் பேர்ல இருக்குது. காலையிலகூட சாவியப் பத்திக் கேட்டான் தங்கராசு. சாப்பிட்டுட்டு வந்து பேசுடான்னுட்டேன்."

கலைமணி முதலில் தயங்கித் தயங்கி நடந்தாள். கேட்டைத் தாண்டியதும், அவளுக்குத் தெரியாமலே நடை வேகமெடுத்தது. கையைக் கழுவிக்கொண்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது பந்திக்குள் போனாள். மாலதி தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது இலையில் தங்கராசு. ரசம் சாப்பிட்டு முடித்து, மோருக்குச் சோறு வாங்கிவிட்டவர், வாளியைப் பார்த்ததும் அந்தச் சோற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"இதுல ஊத்தும்மா," என்றார் கலைமணியிடம். "நெறையவே ஊத்து."